மூன்று திட்டம், ஒரு தற்காலிக அலுவலகம்: எங்கே தொடங்குவது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு குடும்ப நிறுவனத்தில், உற்பத்தித் திட்டமிடல் பிரிவில் 14 வருடமாக இருக்கிறேன். இப்போது மூன்று பெரிய வேலைகள் சேர்ந்து வருகின்றன. ஊருக்கு வெளியே புது ஆலை கட்டுகிறோம். பழைய கணக்கு மென்பொருளை விட்டு கணக்கு, கொள்முதல், சரக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் ஈஆர்பி மென்பொருளுக்கு மாறுகிறோம். குடோனையும் புது ஆலைப் பக்கம் கொண்டுபோகிறோம். எம்டி என்னைக் கூப்பிட்டு, "ஆகஸ்ட்லேர்ந்து ஒரு வருஷத்துக்கு ஒரு பிஎம்ஓ போடுங்க, நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார் (பிஎம்ஓ என்றால் திட்ட மேலாண்மை அலுவலகம்). உதவிக்கு இரண்டு இளைஞர்களைத் தந்திருக்கிறார்கள். ஈஆர்பி ஏப்ரல் 1 அன்று தொடங்க வேண்டும் என்கிறது கணக்குப் பிரிவு. பழைய ஆலையில் பம்ப்பை ஓட்டிப் பார்க்கும் சோதனை மேடையையே பிரித்துப் புது ஆலையில் நிறுவுவதாகத் திட்டம். பிரிவுத் தலைவர்கள் என்னை எம்டியின் ஒற்றர் போலப் பார்க்கிறார்கள். முதலில் என்ன செய்வது? என்ன மென்பொருள் வாங்குவது? திட்ட மேலாண்மைக்கான பிஎம்பி சான்றிதழ் எடுக்க வேண்டுமா? ஒரு வருடம் கழித்து என் நிலை என்ன?
- வாசகி, கோவை

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மென்பொருள், சான்றிதழ் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். சோதனை மேடை பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்களே, உங்கள் அலுவலகம் எதற்கு என்பதற்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

ஐஎஸ்ஐ முத்திரைக்கான உரிமத்தை பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைவனம்) ஒரு நிறுவனத்தின் பெயருக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. இந்த முகவரியில் உள்ள ஆலையில், இந்தப் பொருளுக்கு என்று கொடுக்கிறது. நீர்மூழ்கி பம்ப்புக்கு ஐஎஸ் 8034, மோட்டாரும் பம்ப்பும் ஒன்றாகச் சேர்ந்த மோனோசெட்டுக்கு ஐஎஸ் 9079 என்று ஒவ்வொன்றுக்கும் தரநிலை தனி. இடம் மாறினால் அவர்கள் வந்து பார்த்து, சோதனை வசதி சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்து ஒப்புக்கொள்ளும் வரை புது இடத்தில் முத்திரை போட முடியாது. அவர்கள் வரும்போது அங்கே சோதனை மேடை வேலை செய்ய வேண்டும். இருக்கிற ஒரே மேடையைப் பிரித்துக் கொண்டுபோய்விட்டால், அன்றிலிருந்து பழைய ஆலையில் பம்ப்பைச் சோதிக்க வழியில்லை. புது ஆலையில் சோதிக்கலாம், ஆனால் முத்திரை இல்லை. இந்த இடைவெளி ஒரு வாரமா, இரண்டு மாதமா என்பது உங்கள் கையில் இல்லை. ஆக, இன்னொரு மேடை வாங்க வேண்டுமா, அல்லது இடைவெளிக்குப் போதுமான சரக்கை முன்கூட்டியே செய்து வைக்க வேண்டுமா என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும்.

யார் முடிவு செய்வது? ஆலை கட்டுகிறவரிடம் கேட்டால், "கட்டடமும் மெஷினும்தான் என் பட்ஜெட், சோதனை தரப்பிரிவு வேலை" என்பார். தரப்பிரிவு, "மேடையை மாத்தித் தர்றது புராஜெக்ட் ஆளுங்க பொறுப்பு" என்று சொல்லும். விற்பனைப் பிரிவுக்கு இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. தப்பு என்று ஒருவரையும் சொல்ல முடியாது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் பார்க்கிறார்கள். அந்த வேலைகளுக்கு நடுவே விழும் முடிவுகளுக்குத்தான் ஆளில்லை. அவற்றைத் தேடி எடுத்து, உரியவர் முன்னால் உரிய நேரத்தில் வைத்து, பதில் வாங்கி, எழுதி வைக்க வேண்டும். உங்கள் பிஎம்ஓவின் வேலை இதுதான். அறிக்கை தயாரிப்பது இதற்குத் துணை வேலை மட்டுமே. அறிக்கை அலுவலகமாக மாறிவிட்ட பிஎம்ஓக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரா வாரம் அழகான தாள் வரும், எல்லாரும் தலையாட்டுவார்கள், சோதனை மேடை மாதிரி ஒன்று கடைசி மாதத்தில் வந்து நிற்கும்.

அதனால் முதல் இரண்டு வாரம் அட்டவணை எதுவும் போடாதீர்கள். மூன்று திட்டத்தின் ஆட்களையும் தனித்தனியாகப் பாருங்கள், அவர்கள் இடத்துக்கே போய். ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி. "உங்க வேலை முடிய வேறு யாரிடமிருந்து என்ன வரணும்? யார் எதை முடிவு செய்யாததால நீங்க காத்திருக்கீங்க?" அவர்கள் சொல்வதை ஒரே தாளில் எழுதுங்கள். என்ன முடிவு, யார் எடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், தாமதமானால் எது நிற்கும் என்று நான்கு நெடுவரிசை போதும். மென்பொருள் கேட்டீர்கள் அல்லவா? இப்போதைக்கு எக்செல் தாராளமாகப் போதும். புது மென்பொருள் வாங்கினால் அதைக் கற்றுக்கொடுப்பதே நான்காவது திட்டமாகிவிடும். ஈஆர்பியோடு மல்லுக்கட்டப் போகிற ஆட்களுக்கு இன்னொரு திரை வேண்டாம்.

அந்தத் தாளில் என்னென்ன வரும் என்று என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. புது ஆலைக்கு உயரழுத்த மின் இணைப்பு வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஆலையை நிறுவ ஒரு இசைவு, இயக்க இன்னொரு இசைவு வாங்க வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் வரைபட ஒப்புதலும் பதிவும் இருக்கின்றன. மின்சாரம் வராமல் சோதனை ஓட்டம் இல்லை, சோதனை ஓட்டம் இல்லாமல் பிஐஎஸ் பார்வை இல்லை. ஆக, பம்ப்பின் மீது முத்திரை விழும் தேதியை உண்மையில் தீர்மானிப்பது மின்வாரியத்தில் இருக்கும் விண்ணப்பம்தான். கட்டடம் முடிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இது தெரியாது. இந்தச் சங்கிலியைச் சுவரில் பெரிதாக ஒட்டி வையுங்கள்.

அடுத்து, ஏப்ரல் 1. இந்தத் தேதியை நீங்கள் எதிர்த்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். கணக்காண்டு தொடக்கம் என்பதால் கணக்குப் பிரிவுக்கு அது வசதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பம்ப் தொழிலுக்கு அதுதான் உச்ச சீசன். வெயில் ஏறி, கிணற்றில் தண்ணீர் இறங்கும் மாதங்கள். டீலர் காலையில் போன் செய்தால் சாயந்தரம் லாரி கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் பில் போடுகிற பையன் புதுத் திரையில் பொருள் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தால், டீலர் காத்திருக்க மாட்டார், அடுத்த கம்பெனியைக் கூப்பிடுவார். ஜூலை 1ஐப் பரிந்துரைக்கிறேன். பருவமழை தொடங்கி விற்பனை இறங்கியிருக்கும். ஜிஎஸ்டி கணக்கு மாதம் முடிந்து தொடங்கும், டிடிஎஸ் காலாண்டும் அன்றுதான் தொடங்கும். ஆண்டு நடுவில் மாறுவது எப்படி முடியும் என்று ஆடிட்டர் தயங்கினால், நாடு முழுக்க ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலை 1 அன்றுதான் என்று நினைவூட்டுங்கள். அன்று உங்கள் கம்பெனியும் சேர்ந்து மாறியது. ஒரே ஒரு எச்சரிக்கை. ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்துக்கு மேலும் போகக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. புது மென்பொருளுக்கு வேறு முன்னெழுத்தோடு புது வரிசை தொடங்கிவிட்டால் இ-இன்வாய்ஸ் தளத்தில் எண் மோதாது.

ஜூலை 1 என்றால் இன்னொரு நன்மையும் உண்டு. சீசன் முடிவில் குடோனில் சரக்கு குறைவாக இருக்கும். ஜூன் 20க்குள் குடோனை மாற்றி, கடைசி வாரத்தில் எண்ணி, அந்த எண்ணிக்கையையே ஈஆர்பியின் தொடக்கச் சரக்காக ஏற்றலாம். இரண்டு திட்டத்துக்கும் ஒரே ஸ்டாக் எடுப்பு. ஆனால் அதற்கு முன்னால் பொருள் பட்டியல் சுத்தமாக வேண்டும். ஒரே பேரிங்கை ஸ்டோர்ஸ் ஒரு பெயரிலும் பர்ச்சேஸ் இன்னொரு பெயரிலும் வைத்திருப்பது உங்கள் ஊர் ஆலைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று. ஈஆர்பி கொண்டுவருகிறவர்கள் இதைச் செய்து தர மாட்டார்கள். "டேட்டா கிளையண்ட் பொறுப்பு" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும், எடுத்துப் பாருங்கள். இந்த வேலைக்குப் பல மாதம் பிடிக்கும். உங்களுக்குக் கொடுத்த இரண்டு இளைஞர்களில் ஒருவரைச் செப்டம்பரிலேயே இதில் உட்கார வையுங்கள். அவரோடு ஸ்டோர்ஸில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் இருந்தாக வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தை எம்டியிடம் கேட்டு வாங்குங்கள். ஸ்டோர்ஸ் மேலாளர் தானாகத் தர மாட்டார், அவரையும் குறை சொல்ல முடியாது.

ஆட்கள் விஷயத்தில் இன்னும் ஒன்று. இளைஞர் இருவர் போதாது. கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் உங்களோடு இருக்க வேண்டும். மூன்று திட்டத்திலும் பணம் ஓடுகிறது. எது மூலதனச் செலவு, எது நடப்புச் செலவு என்று அன்றன்றைக்குப் பிரித்து வைக்காவிட்டால் ஆண்டு முடிவில் பில்களை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், வெண்டர்களுக்குப் பணம் போகிற வழி. ஈஆர்பி நிறுவனத்தின் புராஜெக்ட் மேலாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் அவருக்கு அவருடைய நிறுவனத்தில் பில் போட ஒரு தேதி இருக்கும். "இந்தக் கட்டம் முடிந்தது, கையெழுத்துப் போடுங்கள்" என்று மாதக் கடைசியில் ஓடி வருவார். வேலையைப் பயன்படுத்தப் போகிற பிரிவின் தலைவர் தன் ஆட்களை வைத்து ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து, கையெழுத்து இருந்தால்தான் பணம். இதை முதல் மாதமே கணக்குப் பிரிவோடு பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது ஒற்றர் பிரச்சினை. இது உங்களைத்தான் அதிகம் வருத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. 14 வருடம் கூட இருந்து சாப்பிட்டவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பது கஷ்டம்தான். ஆனால் அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. குடும்ப நிறுவனத்தில் எம்டி அறைக்கு நேரே போகிற ஒருவரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பேசிப் புரியவைக்க முயல வேண்டாம். நடத்தையில் காட்டுங்கள். ஒரு பிரிவின் வேலை பின்தங்கியிருந்தால், அது எம்டியோடு நடக்கும் திட்டக் கமிட்டிக்குப் போவதற்கு ஒரு நாள் முன்னால் அந்தப் பிரிவுத் தலைவர் கையில் அந்தத் தாள் இருக்க வேண்டும். "சார், நாளைக்கு இது சிவப்புன்னு, அதாவது பின்தங்கியிருக்குன்னு போகுது. காரணத்தை நீங்களே சொல்றீங்களா, என்ன உதவி வேணும்னு எழுதட்டுமா?" என்று கேளுங்கள். எம்டி முன்னால் யாரும் புதிதாக ஒன்றைக் கேட்டு அதிர்ச்சி அடையக்கூடாது. அதே நேரம், அவர் கெஞ்சினாலும் சிவப்பைப் பச்சையாக மாற்றக்கூடாது. இந்த இரண்டையும் தொடர்ந்து செய்தால் போதும், மெல்ல நம்பிக்கை வரும்.

இன்னொரு வழியும் உண்டு, அது வேகமாகப் பலிக்கும். உங்கள் தாளில் பல மாதமாகத் தேங்கிக் கிடக்கும் ஒரு முடிவு கட்டாயம் இருக்கும். உங்கள் மேல் அதிகக் கோபமாக இருப்பவருடைய முடிவாகப் பார்த்து எடுங்கள். முதல் கமிட்டியிலேயே அவருக்கு அதை வாங்கிக் கொடுங்கள். இந்த அலுவலகத்தால் தனக்கு ஒரு காரியம் ஆகிறது என்று ஒருவருக்குத் தெரிந்தால், மற்றவர்கள் அவர்களாகவே வருவார்கள். அப்புறம், அவர்களிடம் புது அறிக்கை எதுவும் கேட்காதீர்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் ரெஜிஸ்டர், வாட்ஸ்அப் குழு, பில் புத்தகம் ஆகியவற்றிலிருந்து உங்கள் ஆட்களே எடுத்துக்கொள்ளட்டும்.

வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்கும்போது சதவீதம் கேட்காதீர்கள். 90 சதவீதம் என்கிற பதில் மாதக்கணக்கில் 90 சதவீதமாகவே இருக்கும். ஒவ்வொரு வேலையையும் இரண்டு வாரத்துக்குள் முடியும் துண்டுகளாக உடைத்து, முடிந்ததா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். முடிந்தது என்றால் எதைப் பார்த்து நம்புவது என்பதையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். "அடித்தளம் முடிந்தது" என்றால் போல்ட் இடைவெளி மெஷின் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்த தாள் வேண்டும். "பயிற்சி முடிந்தது" என்றால், டிஸ்பாட்ச் பையன் யாருடைய உதவியும் இல்லாமல் பத்து பில் போட்டுக் காட்ட வேண்டும்.

கூட்டங்கள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை மூன்று திட்டத்தின் பொறுப்பாளர்களோடு முக்கால் மணி நேரம், பதினைந்து நாளுக்கு ஒரு முறை எம்டியோடு ஸ்டியரிங் கமிட்டி. கமிட்டிக்குப் போகும் தாளில் முதல் பக்கம் முழுக்க அன்று எடுக்க வேண்டிய முடிவுகள் மட்டுமே இருக்கட்டும். நிலவரம் எல்லாம் இரண்டாம் பக்கம். எடுக்க முடிவே இல்லை என்றால் அந்த வாரக் கூட்டத்தை ரத்து செய்துவிடுங்கள்.

எம்டியிடம் ஒரு வரம்பு கேட்டு வாங்க வேண்டும். உதாரணத்துக்கு, 2 லட்ச ரூபாய்க்குள், ஒரு வாரத் தாமதத்துக்குள் வரும் மாற்றங்களை அந்தந்தத் திட்டப் பொறுப்பாளரே முடிவு செய்யலாம், உங்களுக்குத் தகவல் சொன்னால் போதும். அதற்கு மேல் என்றால் கமிட்டி. தொகை உங்கள் கம்பெனிக்குத் தகுந்தபடி மாறலாம், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். குடும்ப நிறுவனங்களில் இன்னொரு சிக்கல் வரும். எம்டி சைட்டுக்குப் போகும்போது, "இந்தச் சுவரைத் தள்ளிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வருவார். இன்னொரு நாள் குடும்பத்துப் பெரியவர் வந்து வேறொன்று சொல்வார். காண்ட்ராக்டர் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டுக் கூடுதல் பில் எழுதுவார். அவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது, அவர்கள் கம்பெனி. அன்று சாயந்தரமே நீங்கள் ஒரு செய்தி அனுப்புங்கள்: "இன்று சைட்டில் சொன்னது இது. செலவு இவ்வளவு கூடும், தேதி இத்தனை நாள் தள்ளும். நாளை காலை உங்கள் சம்மதம் வந்ததும் காண்ட்ராக்டருக்கு எழுத்தில் கொடுக்கிறேன்." பணிவாக, சுருக்கமாக, ஒவ்வொரு முறையும். வாய்ச்சொல்லுக்குப் பின்னால் ஒரு தொகை வரும் என்று தெரிந்த பிறகு சொல்வதே குறைந்துவிடும்.

தற்காலிகம் என்பதைக் குறையாக எண்ணாதீர்கள். இன்க்ரிமென்ட் போடும் அதிகாரமும், நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் எண்ணமும் இல்லாத அலுவலகத்திடம் ஆட்கள் உண்மையைச் சொல்வார்கள். ஆனால் மூடும் தேதி முதல் நாளே எல்லாருக்கும் தெரிய வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சேயிலும் நியாஸ் தீவிலும் மறுகட்டமைப்பைப் பார்க்க பிஆர்ஆர் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். குந்தோரோ மங்குசுப்ரோதோ அதற்குத் தலைவர். 2005 ஏப்ரலில் தொடங்கும்போதே நான்கு வருடம் என்று சொல்லித் தொடங்கி, 2009 ஏப்ரலில் மூடினார்கள். லண்டன் ஒலிம்பிக்குக்கு மைதானங்கள் கட்டிய ஆணையமும் 2006இல் சட்டப்படி அமைக்கப்பட்டு, வேலை முடிந்து 2014இல் கலைக்கப்பட்டது. அவ்வளவு பெரிய அமைப்புகளுக்கே அது முடிந்திருக்கிறது.

உங்களுக்கு அடுத்த ஜூலை கடைசி வரையிலான ஒரு வருடம் போதாது. ஈஆர்பி ஜூலை 1 என்றால் செப்டம்பர் 30 வரை, அதாவது 14 மாதம் கேளுங்கள். அதை இப்போதே கேளுங்கள், ஜூலையில் நீட்டிப்பு கேட்டால் தோற்றுப்போன மாதிரி தெரியும். தேதியோடு நிபந்தனையும் எழுதுங்கள். வெண்டர் உதவி இல்லாமல் கணக்குப் பிரிவு இரண்டு மாதங்களின் கடைசிக் கணக்கைத் தானே முடித்திருக்க வேண்டும், புது ஆலையிலிருந்து முத்திரையோடு பம்ப் வெளியே போயிருக்க வேண்டும், குடோனில் எண்ணிய சரக்கும் திரையில் தெரியும் சரக்கும் ஒத்துப்போக வேண்டும். அடுத்த ஆண்டு ஆகஸ்டிலிருந்தே ஒப்படைக்கத் தொடங்குங்கள். புதுப் பொருள் எண்ணை இனி யார் திறப்பது, மெஷின்களின் வாரண்டி எப்போது முடிகிறது, காண்ட்ராக்டரிடம் பிடித்து வைத்த பணத்தை எப்போது, எதைப் பார்த்து விடுவது, தீராத பிரச்சினைகள் யார் பெயரில் போகின்றன என்பதற்கெல்லாம் ஆள் பெயர் வேண்டும், பிரிவின் பெயர் போதாது. எம்டிக்கு உங்கள் அலுவலகம் பிடித்துப்போய் நிரந்தரமாக்கலாம் என்றால், முதலில் இதை மூடிக் கணக்கு முடித்துவிட்டுத் தனியாகப் பேசலாம் என்று சொல்லுங்கள்.

பிஎம்பி இப்போது வேண்டாம். அந்தத் தேர்வுக்குப் பட்டதாரிகளுக்கு 36 மாதத் திட்ட அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் கேட்கிறார்கள். இந்த வேலையே அந்த அனுபவக் கணக்கில் சேரும். எந்த மாதம் எந்தத் திட்டத்தில் என்ன பொறுப்பு என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், பிறகு விண்ணப்பிக்கும்போது உதவும்.

கடைசியாக, உங்கள் நாற்காலி. நீங்கள் போன இடத்தில் இன்னொருவர் உட்காருவார், 14 மாதத்தில் அது அவர் இடமாகிவிடும். அதனால் பொறுப்பை ஏற்கும் முன் எம்டியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எம்டி சொன்னாலே போதும் என்று கூச்சப்படாதீர்கள், அவர் மனதில் இருப்பது எச்ஆருக்குத் தெரியாது. அலுவலகம் மூடும் தேதி, அதன் பிறகு நீங்கள் எந்தப் பதவிக்குத் திரும்புகிறீர்கள், இந்தக் காலத்தில் உங்கள் அப்ரைசலை எழுதுவது யார், கணக்குப் பிரிவு ஆள் வாரத்தில் எந்த இரண்டு நாள் உங்களோடு இருப்பார், முடிவெடுக்கும் வரம்பு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உங்களுக்குக் கொடுத்த அந்த இரண்டு இளைஞர்களுக்கும் இதே மாதிரி ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள்.